மூன்று நாள் பெருக்காத வீடு

ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று சொல்லும் வரைக்கும் அந்த வீட்டைப் பெருக்கக் கூடாது என்று பாக்கியசீலிக்கு முதன்முதலில் சொன்னது அவள் நாத்தனார் ரெஞ்சிதம் மயினிதான். கல்யாணமாகி ஒன்பதாம் நாள், புருஷன் தவசிங் மின்வாரிய வேலைப் பயிற்சிக்காக மேட்டூருக்குப் பஸ் ஏறின காலையில், புதுப்பெண் நல்ல பேர் வாங்கலாமென்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முன்னறையில் குனிந்தபோது, மயினி ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கினாள். "ஏட்டி, என்ன காரியம் செய்யப் போன? போனவன் காலடி இங்கதான கெடக்கு. அதையும் சேத்துப் பெருக்கித் தள்ளிட்டா அவன் எங்கன காலை ஊனுவான்?" என்று கேட்டுவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கோயில்ல பாஸ்டர்ட்ட போய்ச் சொல்லிராத, என்ன. நம்மள மாதிரி ஆள்க்க இதெல்லாம் பாக்கக் கூடாதாம்." பாக்கியசீலியும் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அன்றைக்கு மேட்டூரிலிருந்து தந்தி வரும்வரை தரையில் விழுந்த ஒரு பூவைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட அதை மீறினதில்லை.

மயினி கண்ணை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்த வெள்ளிக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, அடுப்படி வாசலில் பழைய பேப்பரை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பாக்கியசீலிக்கு, மயினி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது. ஓர் இலை பேப்பரைத் தாண்டி விழுந்தாலும் எடுத்து உள்ளே போட்டாள். கிடப்பதை எடுக்கவும் கூடாது, புதுசாக எதையும் சேர்க்கவும் கூடாது. இதை மயினி சொல்லவில்லை, அவளாகவே இந்த மூன்று நாளில் சேர்த்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் ஹெப்சி கிளம்பினதிலிருந்து தரை அப்படியே கிடந்தது. பெட்டி ஒட்டின பிரவுன் டேப்பின் சுருள் நாற்காலிக் காலடியில் கிடந்தது. பையில் அடங்காமல் கடைசியில் எடுத்து வைத்துவிட்டுப் போன சோப்பின் உறை கிடந்தது. கதவோரம் சீப்பிலிருந்து உருவிப் போட்ட முடிச் சுருள், ஃபேன் காற்றில் ஒரு சாண் வாசலைப் பார்த்துப் போவதும் ஒரு சாண் திரும்பி உள்ளே வருவதுமாக இருந்தது. போகாதே, போகாதே என்று அதைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஃபேனை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அவர் ஏன் என்று கேட்பார். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துத் திரித்த மாவு அடுப்படியில் சிந்தினது சிந்தினபடி கிடக்க, அதற்கு எறும்பு வந்து, நேற்றிலிருந்து வரிசை போட்டுச் சுவரோரமாக எடுத்துக்கொண்டு போயின. எங்கே கொண்டுபோகின்றன? ஹெப்சி அந்த மாவில் மிதித்த தடம் இருந்தது. குதிகால் மட்டும், பிறை மாதிரி. இன்றைக்குக் காலையில் பார்த்தபோது அதில் பாதியைக் காணோம். எறும்பு எடுத்தால் அது பெருக்கினதாக ஆகுமா, ஆகாதா? இதை யாரிடம் போய்க் கேட்பது? மயினி இருந்தால் கேட்கலாம். மயினியும் சிரிப்பாள். சிரிக்காமல் போய்விட்டால்?

எட்டு மணிக்கு ரயில் கவுகாத்தி போய்ச் சேர வேண்டும். "எறங்குனதும் நானே போன் போடுதேன், நீ முந்திக்கிட்டுப் போடாத," என்று சொல்லித்தான் பிள்ளை போயிருந்தாள். எட்டு மணிக்குப் பாக்கியசீலி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எட்டரைக்குத் தாங்காமல் அவளே போட்டாள். ஒரு பெண்பிள்ளை தெரியாத பாஷையில் ரொம்ப மரியாதையாக என்னவோ சொன்னாள், பிறகு இங்கிலீஷில் சொன்னாள், சுவிட்ச் ஆஃப் என்றது மட்டும் புரிந்தது. ஒன்பதுக்கும் அதே பெண்பிள்ளை. பத்துக்கும் அவளே. கொஞ்சமும் குரல் மாறாமல். அவளையும் பெற்றவள் ஒருத்தி இருப்பாள்தானே, அவளிடம் கேட்டால் சொல்ல மாட்டாளா, அம்மா நீ யார், எங்கிருந்து பேசுகிறாய், அங்கே மழையா, ரயில் ஏதாவது தெரிகிறதா என்று. நேற்று நாலு மணிக்கு ஹெப்சி பேசினதுதான் கடைசி. வங்காளத்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்றாள். ஒரு ஆறு வருகிறது, அக்கரையே தெரியவில்லை என்றாள். முந்திரிக்கொத்தை எதிர் சீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்தேன், கல்லு கல்லுன்னு சொல்லிக்கிட்டே அத்தனையும் தின்னுதுவ என்றாள். "சார்ஜ் இருக்கா?" என்று கேட்டாள் பாக்கியசீலி. "இருக்கும்மா." "கதவுப் பக்கம் நிக்காத." "நிக்கல." "பெட்டியக் கால்மாட்டுல வைக்காம—" "அம்மா, இரு, இரு. என் சீட்டுல யாரோ—" அதோடு போய்விட்டது. யாரோ. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்ல வந்தாளா? அதுதான், வேறென்ன, ரயிலில் எல்லாரும் அடுத்தவர் சீட்டில்தான் உட்காருகிறார்கள். யாரோ பையை எடுக்கிறார்கள் என்று வந்தாளா? யாரோ என்றுதான் சொன்னாள், யார் யாரோ என்று சொல்லவில்லை, அப்படியானால் ஒரு ஆள். ஆணா, பெண்ணா? அந்த 'இரு, இரு'வில் சிரிப்பு இருந்ததா? முதல் 'இரு'வில் இருந்தது. இரண்டாவது 'இரு'வில் இல்லை. நேற்றிலிருந்து அந்த இரண்டு சொல்லையும் எத்தனை தரம் காதுக்குள் திருப்பிப் போட்டாயிற்று. போடப் போட முதல் சொல்லிலிருந்த சிரிப்பும் தேய்ந்துகொண்டு வந்தது.

முன்னறையில் தவசிங் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று இரண்டு வருஷமான மனுஷன், டிவியை அலற விட்டுப் பார்க்கிறவர். சத்தம் இல்லாததே பாக்கியசீலிக்கு ஆகவில்லை. கீரைக் காம்பைக் கையில் வைத்தபடியே எட்டிப் பார்த்தாள். அடியில் எழுத்து ஓடியது. வடக்கு வங்காளத்தில் கனமழை, தண்டவாளத்தில் வெள்ளம், ரயில்கள் ஆங்காங்கே நிறுத்தம். அதைப் படித்து முடிப்பதற்குள் வேறு எதற்கோ போய்விட்டது. "அது அவ ரயிலாங்க?" என்றாள். "நூறு ரயில் ஓடுது அந்தப் பக்கம். அவ ரயில்னு பேர் போட்டா காட்டுதான்?" என்று சொல்லிவிட்டு, ரயில்வே நம்பரை மறுபடி போட்டுக் காதில் வைத்தார். அதில் பாட்டுத்தான் வந்தது. அரைமணி நேரமாக அதே பாட்டு. "லேட்டாயிருக்கும். நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம். அந்த ஊரு ரயிலெல்லாம் அப்பிடித்தான். நம்ம குளத்துல இல்லாத கொக்கா, குருவியா? அதப் படிக்க அம்புட்டுத் தூரம் போறேன்னா, போற வழியில நாலு எடத்துல நின்னுதான் போகணும்." பழைய கேலிதான். ஹெப்சி பறவைகளைப் பற்றி மேல்படிப்புக்கு அங்கே இடம் கிடைத்தது என்று தாளை நீட்டின அன்றைக்குச் சொன்னது. அன்றைக்கு அவள் விட்டுக்கொடுக்காமல், "உங்க குளத்துக் கொக்கு உங்க மாதிரியேப்பா, ஒரே காலுல நின்னுக்கிட்டு எங்கயும் போகாது," என்றாள், வீடே சிரித்தது. இன்றைக்குச் சொல்லி முடித்ததும் அவரே சிரிக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் எழுந்து, ஜன்னல் பக்கம் போகப் போனவர், டேப் சுருளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். பாக்கியசீலி அதைப் பார்த்தாள். புதன்கிழமை காலையில், "மெத்தப் படிச்ச பிள்ளையப் பெத்துவச்சுக்கிட்டு, வீட்டக் குப்பமேடா போட்டு வச்சிருக்கியே, மழ பேஞ்சா மொளச்சுரும்," என்று சிரித்தவர் இவர்தான். சந்தேகம் வந்து, கதவு இடுக்கில் விளக்குமாறு இருக்கும் இடத்தைப் பார்த்தாள். காணோம். "வெளக்குமாத்த எங்கங்க?" அவர் திரும்பாமலே சொன்னார்: "பரண் மேல போட்டுட்டேன். நீ ஏதாவது யோசனையில கையில எடுத்துருவ."

இவ்வளவு நேரமும் பயம் அவளுடையது மட்டும் என்று இருந்தது. அவள் பயப்படுவாள், அவர் கேலி செய்வார், கேலி செய்கிறவரை ஒன்றும் ஆகாது, முப்பது வருஷமாக அப்படித்தான் வீடு ஓடினது. இப்போது அவரும் பயப்படுகிறார் என்றால் அவளுக்குத் தெரியாதது எதுவோ அவருக்குத் தெரிந்திருக்கிறதா? அல்லது, அவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கீரையை உருவினாள். காற்று இந்தப் பக்கம் திரும்பினபோது, இரண்டு தெரு தாண்டிக் கோயிலிலிருந்து பெண்கள் கைதட்டிப் பாடுகிற சத்தம் வந்தது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். பதினேழு பதினெட்டுப் பேர், எல்லாரும் தெரிந்த முகம். வாராவாரம் அவள் உட்காருகிற தூணோரம் இன்றைக்குக் காலியாக இருக்கும். மழைக்கும் காய்ச்சலுக்கும் தப்பாமல் போகிறவள் இன்றைக்கு, போன் வரும் அக்கா, நான் வரலை என்று சொல்லிவிட்டாள். பாட்டு மூன்று. பிறகு சாட்சி சொல்லுவார்கள். பிறகு இன்னொரு பாட்டு, கடைசிப் பாட்டு, எழுந்து நின்று. அது முடிந்ததும் ஜெபத்தை நடத்துகிற எமிலி அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, வாசலோரம் இருக்கிற தகரப் பெட்டியைத் திறப்பாள். பிஸ்கட் டப்பாவில் வெட்டுப் போட்டு, கொக்கி வைத்துப் பூட்டின பெட்டி. வாரம் முழுக்க யார் யாரோ எழுதிப் போட்ட ஜெபச் சீட்டுகள் அதில் கிடக்கும். அக்கா ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க எல்லாரும் முழங்காலில் நின்று ஒரே வாயாக, செய்யும் ஆண்டவரே, செய்யும் ஆண்டவரே என்பார்கள்.

அந்தப் பெட்டிக்குள் அவளுடைய சீட்டு கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, கைப்பையில் கிடந்த காலண்டர் தாளின் பின்பக்கம், நூலில் கட்டித் தொங்கின பென்சிலால் எழுதினது. ஒரு தாயின் விண்ணப்பம், என் மகளின் பிரயாணம் தடைபட்டு, அவள் வீட்டோடு இருக்கும்படியாக. பேர் போடவில்லை. எழுதும்போது ஒரு சொல்லைக்கூட அடித்து மாற்றவில்லை. அதுதான் இப்போது நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அவள் ஒன்றும் கெட்டதைக் கேட்கவில்லை. எபிக்குக் கேட்ட மாதிரி கேட்கவில்லை, அவ்வளவுதான். மூத்தவன் எபி கனடாவுக்கு விசா போட்டபோது, நாற்பது நாள் ஒருவேளைச் சாப்பாடு, வழி திறக்கட்டும், தடை எல்லாம் விலகட்டும் என்று முழங்கால் தேயக் கேட்டாள். விலகினது. கேட்டது ஒன்று விடாமல் கிடைத்தது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான், சேர்ந்த தகவல் வந்த பிறகுதான் அன்றும் வீட்டைப் பெருக்கினாள். ஆறு வருஷம் ஆகிறது. ஒரே ஒரு தரம் வந்தான், பன்னிரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான், போனை மேஜையில் சாய்த்துவிட்டு அங்கே இங்கே நடப்பான், பாதி நேரம் அவன் வீட்டு மச்சும் அதில் தொங்குகிற விளக்கும்தான் தெரியும், "சொல்லும்மா, சொல்லும்மா" என்று குரல் மட்டும் வரும். மச்சைப் பார்த்துக்கொண்டே என்னத்தைச் சொல்ல. அந்த ஜெபத்துக்கு இதுதானே பதில். அதனால் இந்த ஒரு பிள்ளைக்கு மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். சீட்டை உள்ளே போட்டு, அது தகரத்தில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் உறைத்தது, பெட்டி திறப்பது வெள்ளிக்கிழமை, பிள்ளை கிளம்புவது செவ்வாய்க்கிழமை. அப்பாடா என்றுகூட இருந்தது. கேட்டும் ஆயிற்று, கேட்காமலும் ஆயிற்று. அவள் எட்டு மணிக்குக் கவுகாத்தியில் இறங்கிவிடுவாள், சீட்டைப் பதினொன்றரைக்குப் பிரிப்பார்கள். போய்ச் சேர்ந்துவிட்ட பிரயாணத்தை எது தடுக்கும்? அதற்குப் பிறகு அது வெறும் காலண்டர் தாள்.

ஆனால் போய்ச் சேரவில்லையே. இன்னும் பிரயாணத்தில்தான் இருக்கிறாள். எங்கேயோ, தண்ணீருக்கு நடுவில், ஒரு ரயில் பெட்டிக்குள், யாரோ ஒருத்தர் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. கர்த்தர் என்ன, எமிலி அக்கா பூட்டைத் திறக்கட்டும் என்றா காத்திருப்பார்? எழுதின அன்றைக்கே வாசித்திருக்க மாட்டாரா? அப்படி என்றால் செவ்வாய்க்கிழமையே தடை வந்திருக்க வேண்டும், டாக்சி வராமல் போயிருக்க வேண்டும், நாகர்கோவில் ஸ்டேஷனில் ரயில் தவறியிருக்க வேண்டும், வரவில்லையே. டாக்சி பத்து நிமிஷம் முந்தியே வந்தது. ஆகவே இன்னும் கேட்கப்படாத ஜெபம்தான். பதினெட்டுப் பேர் சேர்ந்து கேட்கும்போதுதான் கேட்கும். இப்படி நினைப்பதே பாவமோ? அவள் எட்டாவது வரை படித்தவள், இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பதினெட்டுப் பேர் கேட்டது நடக்காமல் போய் அவள் பார்த்ததில்லை. அற்புதமணி தன் புருஷன் குடி நிற்க வேண்டும் என்று சீட்டுப் போட்டாள். தடுத்து நிறுத்தும் ஆண்டவரே என்று எல்லாரும் ஒரே மூச்சாகக் கேட்டார்கள், பாக்கியசீலியும்தான், கண்ணில் தண்ணீர் வரக் கேட்டாள். பத்தாம் நாள் அவன் பைக்கோடு பாலத்துக்குக் கீழே போனான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, கட்டிலோடு கிடக்கிறான். குடி நின்றுவிட்டது. அற்புதமணி வந்து சாட்சி சொன்னாள், மூன்று வருஷமாக என் வீட்டுக்காரர் குடியைத் தொடவே இல்லை, வீட்டோடு இருக்கிறார் என்று. வீட்டோடு. அதே சொல். அதையா நான் எழுதினேன்? வேறு சொல்லே கிடைக்கவில்லையா எனக்கு? பாக்கியசீலி கையிலிருந்த காம்பை அப்படியே வைத்துவிட்டாள்.

பதினொன்று இருபது. பாட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது. இது மூன்றாவதா, கடைசியா? கைதட்டல் இல்லை, மெதுவாக இழுத்துப் பாடுகிறார்கள், அப்படியானால் நின்றுகொண்டு பாடுகிறார்கள், கடைசிதான். ஓடிப் போய்விடலாம், நாலு நிமிஷ நடை. போய்ப் பதினெட்டுப் பேருக்கு முன்னால் பெட்டிக்குள் கையை விட்டு, இது என்னுடையது என்று எடுப்பதா? எதற்கு எழுதினாய் என்று கேட்டால்? கேட்கவே வேண்டாம், அவர்கள் முகத்தைப் பார்த்தாலே போதும். வாசலைத் தாண்டுவதென்றால் அந்த முடிச்சுருளைத் தாண்ட வேண்டும், சேலை பட்டு இழுத்துக்கொண்டு வந்துவிட்டால்? போன் போடலாம். எமிலி அக்கா நேரம் பார்க்கப் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பாள். ஆனால் இந்த நிமிஷம் ஹெப்சி போட்டால்? இங்கே லைன் கிடைக்காமல், அவள் எங்கே நின்றுகொண்டு போடுகிறாளோ, யாருடைய போனை இரவல் வாங்கிப் போடுகிறாளோ, அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துவிட்டால்? அவருடைய போனில் ரயில்வேக்காரன் பாட்டு ஓடுகிறது. அதைக் கேட்க முடியாது. கேட்டால் எதற்கு என்பார். எதற்கு என்று அவரிடம் சொன்னால்? அவர் பரண் மேல் விளக்குமாற்றைத் தூக்கிப் போட்ட மனுஷன். பெருக்கிவிடுவாள் என்று பயந்துபோய்ப் போட்டவர். சீட்டு எழுதின ஞாயிற்றுக்கிழமையே அவள் பெருக்கிவிட்டாள் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது. பாட்டு நின்றது.

ஃபேன் மட்டும் சுற்றுகிறது. இப்போது அக்கா சாவியை எடுப்பாள். அந்தப் பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இரண்டு தரம் திருப்ப வேண்டும். கீரை வாசம் பிடித்த விரலால் போனைத் தேய்த்தாள், திறக்கவில்லை, முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். மணி அடித்தது. அடித்தது. எடுங்கக்கா, எடுங்கக்கா.

"யாரு, பாக்கியமா? ஏளா, பிள்ள போய்ச் சேந்துட்டாளா?" எமிலி அக்கா தணிந்த குரலில்தான் பேசினாள். பின்னால் பெண்கள் முழங்காலிடுகிற சத்தம் கேட்டது, யாரோ ஒருத்தி, ஆண்டவரே, என்று வலியோடு உட்கார்ந்தாள்.

"இன்னும் இல்லக்கா."

"பயப்படாத. இப்பந்தான் பெட்டியத் தொறந்தேன். உம்மவளுக்கும் ஒண்ணு எழுதிச் சேத்துக்கிடுதேன், என்ன? முதல்ல அதத்தான் வாசிப்போம்."

"வேண்டாம்க்கா. அக்கா, அதுக்குள்ள ஒரு காலண்டர் தாள் கெடக்கும். பின்பக்கம் பென்சில்ல எழுதினது."

தாள்கள் புரளுகிற சத்தம் வந்தது. "இந்தா இருக்கு. ஒரு தாயின்..." என்று அக்கா தன்போக்கில் வாசிக்கத் தொடங்கி, நிறுத்தினாள். நிறுத்தி, உள்ளுக்குள்ளேயே மிச்சத்தை வாசித்தது பாக்கியசீலிக்குத் தெரிந்தது. அக்காவின் மூச்சு போனில் வந்தது. பாக்கியசீலியின் எழுத்தை அக்காவுக்குத் தெரியும். ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளின் வருகைப் பட்டியலை ஒன்பது வருஷமாகப் பாக்கியசீலிதான் எழுதுகிறாள்.

"ஏளா..." என்றாள் அக்கா.

அப்போதுதான் காதுக்குள் டிக், டிக் என்று அடிக்கத் தொடங்கியது. வேறு யாரோ இந்தப் போனுக்குக் கூப்பிடுகிறார்கள். முன்னறையில் தவசிங் திரும்பி அவளைப் பார்த்தார். டிக், டிக். போனைக் காதிலிருந்து எடுத்து யாரென்று பார்க்கலாம். பார்க்கவில்லை. இதை முடிக்காமல் அதை எடுக்கக் கூடாது. இதை முடிக்கும் முன்னால் அதில் யார் என்ன சொன்னாலும் அது இவள் எழுதினதாகத்தான் இருக்கும். வாசலில் முடிச்சுருள் படியோரம் வரை போய் நின்றிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, அத வாசிக்காதீங்க. மடிச்சு உங்க பைக்குள்ள மட்டும் வச்சிருங்க. நான் வந்து வாங்கிக்கிடுதேன்."